கூளையன் கண்மாயில் விரால் உண்டா

தூண்டில் போடுகிறவனிடம் கண்மாயின் பேரை மட்டும் கேட்கக் கூடாது. வயதைக் கேளுங்கள், சம்பளத்தைக் கேளுங்கள், கல்யாணத்துக்கு முந்தின சங்கதிகளைக்கூடக் கேளுங்கள், சொல்லிவிடுவான். விரால் பிடித்த கண்மாய் எது என்று கேட்டால் மட்டும் வருவது பொய்யாகத்தான் இருக்கும். திருத்தங்கல் மெயின் ரோட்டில் அலி அக்பரின் கடைக்கு வந்து உட்காருகிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் கேட்டவன் ஒருவன்தான். அவன் சங்கிலிமுத்து.

அலி அக்பருடையது சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கிற கடை. பட்டாசு லோடு கட்டுகிறவர்களை நம்பிய வியாபாரம். தீபாவளி நெருங்கினால் பேச நேரம் இருக்காது, தீபாவளி முடிந்தால் ஈயோட்ட வேண்டியதுதான். அந்த நாட்களில்தான் கடை களைகட்டும். கம்பெனிகள் மூடிக் கிடக்கும், ஐப்பசி மழையில் கண்மாய்கள் நிறைந்திருக்கும், ஆண்களுக்கு வேலை இருக்காது. வேறென்ன, தூண்டில்தான்.

கெண்டையும் ஜிலேபியும் யார் போட்டாலும் வரும். விரால் அப்படியில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். மறுநாளும் அப்படியே. பத்து நாள் கழித்துப் தூண்டிலில் கோத்துப் பாசிமேல் தத்தவிட்ட தவளையைத் தண்ணீருக்குள்ளிருந்து எதுவோ 'பளக்'கென்று அடிக்கும் பாருங்கள், அந்த ஒரு சத்தத்துக்காகப் பெண்டாட்டி திட்டையும் கொசுக்கடியையும் வாங்கிக்கொண்டு திரிகிற ஆட்கள் இவர்கள்.

ஆட்டோ ஓட்டுகிற கோட்டைச்சாமிக்கு ஆலடிக் கண்மாய்தான் உசத்தி. கரையில் நிழல் உண்டு, மீன் குத்தகைக்காரன் அவருக்கு மச்சான் முறை, விரட்ட மாட்டான். அச்சாபீசில் கட்டிங் மிஷின் பார்க்கிற முத்துக்கிருஷ்ணன் தாதன்குளத்துக்குப் போவார். அங்கே அல்லிக் கொடிகளுக்கு நடுவே சிவப்புக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் விரால் சுற்றுமாம். அதைப் பார்க்கத்தான் போகிறேன், குஞ்சோடு இருக்கிற மீனைத் தொட மாட்டேன் என்பார். அவரை யாரும் நம்புவதில்லை. ஆலடி, தாதன்குளம் என்கிற பேர்களையே யாரும் நம்புவதில்லை. மீன் மாட்டாத கண்மாயின் பேரைத்தானே வெளியே சொல்வார்கள்? போகிற இடத்தின் பேரை உண்மையாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டால் மீன் விலகிப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை வேறு. பெண்டாட்டியிடம்கூட மாற்றித்தான் சொல்வார்கள்.

அலி அக்பரின் இடம் இரட்டைமடைக் கண்மாய். அதை அவர் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. அங்கே அவரை யாரும் 'பாய், அந்தக் கயிறு எம்புட்டு?' என்று கேட்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் அவருடைய முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மாட்டி, கரைக்கு இரண்டடி இருக்கும்போது தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. போகும்போது திரும்பி அவரைப் பார்த்தது என்று அவர் மனைவி நசிமாவிடம் சொன்னார். அந்த அம்மாள் உலை வைத்துக்கொண்டே 'நல்லாப் பாக்கட்டும்' என்றாள். அன்றையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் விடியலில் சுபுஹு தொழுகை முடிந்ததும் அவர் அந்த ஒரு மீனுக்காகப் போகிறார்.

சங்கிலிமுத்து எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவன். முப்பத்திமூன்று வயது. கடையில் சணல் வாங்க வந்தவன் பத்து மாதத்துக்கு முன்னால் தூண்டிலில் விழுந்தான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவன் நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் மினுங்கும்.

"வருசம் பூராம் தீயப் பாத்துப் பயந்தே கெடக்கேன், பாய். ஒரு ஆணி கீழ விழுந்தாக்கூட நெஞ்சு அடிச்சுக்கிருது. தண்ணிகிட்ட வந்தாத்தான் பயமில்லாம மூச்சு விடுறேன்" என்று ஒரு நாள் சொன்னான். அன்றைக்கு அலி அக்பருக்கு அவனை மிகவும் பிடித்துப் போயிற்று. தவளை கோக்கவும், நரம்பில் முடிச்சுப் போடவும், போகிற இடத்தை மாற்றிச் சொல்லவும் அவர்தான் கற்றுக் கொடுத்தார். ஆனால் பத்து மாதத்தில் அவன் ஒரு விரால்கூடப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அலி அக்பர் போனில் ஒரு படம் காட்டினார். இரட்டைமடையில் பிடித்த மூன்று கிலோ விரால். மற்றவர்கள் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சங்கிலிமுத்து மட்டும் போகாமல் நின்றான்.

"பாய், எந்தக் கண்மாய்? உள்ளதச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ. நா எவன்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

சொல்ல முடியாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அல்லது சொல்லியே இருக்கலாம், என்ன குடி முழுகிவிடப் போகிறது? அவன் முகத்தைப் பார்த்து மறுக்கவும் மனசு வரவில்லை, அந்த முழங்கை நீள மீனை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை. அலி அக்பர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அவன் காதுப் பக்கம் குனிந்தார்.

"கூளையன் கண்மாய்."

ஏழாயிரம்பண்ணைக்குச் சரக்குப் போட பஸ்ஸில் போனபோது அந்தக் கண்மாயின் கரையை ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் அவருக்கும் அதற்கும் உள்ள பழக்கம். ஆனால் பொய் சொல்வதிலும் ஒரு கைப்பக்குவம் உண்டு. பேரை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், அப்போதுதான் கேட்கிறவன் நம்புவான். அவர் தன் இரட்டைமடையையே கண்ணுக்குள் வைத்துக்கொண்டு மேற்கொண்டு சொன்னார்.

"கரையில நின்னா ஒண்ணும் கெடைக்காது. கருவேல மரத்துக்குக் கெழக்க எறங்கு. இடுப்புத் தண்ணிதான். கோரைய ஒட்டி ஒரு இருவது அடி உள்ள நடந்து போயி நின்னு தவளையப் போடு. வந்திரும்."

சங்கிலிமுத்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அலி அக்பருக்குக் கொஞ்சம் குறுகுறுப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் வெறுங்கையோடு திரும்புவான், மறுநாள் வந்து 'ஏமாத்திட்டீகளே பாய்' என்பான், டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு கடையைச் சாத்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை எட்டேகாலுக்கு அலி அக்பர் இரட்டைமடையில் இடுப்புத் தண்ணீரில் நிற்கையில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சங்கிலிமுத்துவின் பேர். கண்டுபிடித்துவிட்டான், திட்டப் போகிறான் என்று சிரிப்பு வந்தது. எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதிர்ந்தது. அப்போதும் எடுக்கவில்லை. சத்தம் கொடுத்தால் மீன் கலைந்துவிடும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார்.

ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, இரண்டு மணிவாக்கில் கடையைத் திறந்தபோது கோட்டைச்சாமியும் முத்துக்கிருஷ்ணனும் வழக்கம்போல வந்து சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வேகமாக வந்து படியேறினாள். சங்கிலிமுத்துவின் மனைவி செல்வலட்சுமி.

"பாய், அவுக இங்கன வந்தாகளா?"

"வரலியேம்மா. என்ன?"

"காலையில அஞ்சு மணிக்குக் கெளம்புனவுக. பத்து மணிக்கு வந்திருவேன்னாக. போனு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, இப்ப அதும் இல்ல. ஆலடிக் கண்மாய்க்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாக."

அலி அக்பர் கல்லாவை விட்டு எழுந்தார். அவர் கற்றுக்கொடுத்த பாடம் அது. பேரை மாற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கோட்டைச்சாமி எழுந்து ஆட்டோ சாவியை எடுத்தார். "ஆலடிதான? பத்து நிமிசத்துல போயிருவோம். நீ பயப்படாத தாயி, எங்கயாச்சும் மரத்தடியில ஒறங்கிருப்பான்."

"ஆலடியில இருக்க மாட்டான். கூளையன் கண்மாய்க்குப் போயிருப்பான். நான்தான் போகச் சொன்னேன்" என்றார் அலி அக்பர்.

கோட்டைச்சாமியும் முத்துக்கிருஷ்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலி பாய் கண்மாயின் பேரைச் சொல்கிறார் என்றால் அந்த ஒரு கண்மாயில் மட்டும் ஒன்றும் இருக்காது என்று பதினைந்து வருடமாக அனுபவப்பட்டவர்கள்.

"பாய், இந்த நேரத்துலயுமா? கூளையன் கண்மாய்ல ஏது விரால்? எவனாச்சும் அங்க தூண்டியக் கொண்டுக்கிட்டுப் போவானா? உங்க எடத்துக்கு அவனைக் கூட்டிட்டுப் போனீகளா, அந்த ஒண்ணை மட்டும் சொல்லுங்க" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

நான் அவனிடம் பொய் சொன்னேன் என்று சொன்னால் போதும். உடனே நம்பியிருப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் அலி அக்பரின் தொண்டை வரைக்கும் வந்தது. படியில் செல்வலட்சுமி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாக்கியம் திரும்ப உள்ளே போய்விட்டது.

"அங்கதான் போகச் சொன்னேன். நம்புனா நம்புங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் நம்பவில்லை. ஆட்டோ ஆலடிப் பக்கம் போயிற்று. அலி அக்பர் கடையைப் பாதி சாத்திவிட்டுத் தன் மொபெட்டைக் கிளப்பினார். செல்வலட்சுமி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நா உங்ககூடத்தான் வாரேன். அவுக உங்க பேச்சத்தான் கேப்பாக."

முக்கால் மணி நேரப் பயணம். சாலையின் இரண்டு பக்கமும் மூடிக் கிடக்கிற கம்பெனிகள், தகர போர்டுகள், மழையில் பச்சைபிடித்த காடுகள். எதிரே வருகிற ஒவ்வொரு பைக்கும் சங்கிலிமுத்துவின் பைக்காக இருக்கக் கூடாதா என்று அலி அக்பர் பார்த்துக்கொண்டே போனார். யா அல்லாஹ், பைக் பஞ்சராகியிருக்கட்டும். காலில் முள் குத்தியிருக்கட்டும். வேறு கண்மாய்க்குப் போயிருக்கட்டும், என்மேல் கோபத்தில் குடித்துவிட்டு எங்காவது விழுந்து கிடக்கட்டும். சங்கிலிமுத்து குடிக்க மாட்டான். அது அவருக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டுக்கொண்டார்.

பின்னாலிருந்து செல்வலட்சுமி பேசிக்கொண்டே வந்தாள். பேச்சை நிறுத்தினால் பயம் வந்துவிடும் போல.

"ராத்திரி சோறு எறங்கல அவுகளுக்கு. பாய் எடம் சொல்லிட்டாரு, அவரு யாருக்கும் சொன்னதில்லயாம், எனக்குச் சொல்லிட்டாருன்னு அதையே பேசுறாக. எந்த எடம்னு கேட்டா மட்டும் சிரிக்கிறாக. சின்னப் புள்ள கணக்கா."

அலி அக்பர் மொபெட்டை இன்னும் முறுக்கினார். காற்றில் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டார்.

கூளையன் கண்மாயின் கரைமேல் கருவேல மரத்தடியில் பைக் நின்றது. அதைப் பார்த்ததும் செல்வலட்சுமி "அந்தா வண்டி!" என்று சந்தோஷமாகக் கத்தினாள். இறங்கி ஓடினாள். அலி அக்பருக்கு ஓட முடியவில்லை. மரம் இருந்தது. அதற்குக் கிழக்கே கோரையும் இருந்தது. அவர் வாயில் வந்தபடி சொன்ன கண்மாய், சொன்னபடியே அங்கே கிடந்தது. கருவேல மரமும் கோரையும் எந்தக் கண்மாயில்தான் இல்லை?

மரக்கிளையில் ஒரு பை தொங்கியது. உள்ளே தூக்குச்சட்டி, அணைந்துபோன போன், மடித்து வைத்த சட்டை. மர நிழலில் ஈரச் சாக்கு ஒன்று அசைந்தது. செல்வலட்சுமி அதைப் பிரித்துவிட்டுத் திகைத்துப்போய் நின்றாள். உள்ளே மூன்று விரால்கள், மூன்றும் உயிரோடு. ஒன்றை மட்டும் தாடையில் சிவப்பு நைலான் நூல் கோத்துத் தனியாகக் கட்டியிருந்தான். இருக்கிறதில் அதுதான் பெரிது.

அது எதற்கு என்று அலி அக்பருக்குத் தெரியும். இடம் சொன்ன மீன். ஒருவர் இடம் காட்டி, அந்த இடத்தில் மீன் விழுந்தால், முதல் மீன் இடம் சொன்னவருக்கு. அதை நிறுக்கக் கூடாது, சந்தையில் கொடுக்கக் கூடாது, உயிரோடு அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யாரும் யாருக்கும் உண்மையான இடத்தைச் சொல்லாத ஊரில் அந்தப் பழக்கம் வெறும் பேச்சாகவே இருந்தது. அலி அக்பருக்கு இந்த நாற்பத்தொன்பது வயதில் ஒருவரும் அப்படி ஒரு மீன் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

"ஏங்க! ஏங்க!" என்று செல்வலட்சுமி தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள். தண்ணீர் சும்மா கிடந்தது.

உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். அய்யம்மாள் என்று பேர் சொன்னாள். காலையில் அவனைப் பார்த்திருக்கிறாள்.

"கரையில நின்னுதான் போட்டுக்கிட்டு இருந்தாரு. மொத மீனு மாட்டுனதும் ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, என் ஆடெல்லாம் மெரண்டு போச்சு. யாருக்கோ போனு போட்டாரு. ரெண்டு தடவ போட்டாரு, எடுக்கல போல. அந்தச் சந்தோசத்த யார்ட்டயாச்சும் சொல்லணுமில்ல, என்கிட்ட வந்து சொன்னாரு. 'ஆத்தா, பாய் சொன்னது பொய்யில்ல, இங்கன விரால் கெடக்கு'ன்னாரு. பெறகு நா ஆட்டப் பத்திக்கிட்டுக் கலுங்குக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா வண்டி நிக்கி, ஆளக் காணோம். எங்கனயாச்சும் போயிருப்பாருன்னு இருந்துட்டேன்."

"தண்ணிக்குள்ள எறங்குனானா?" என்று கேட்டார் அலி அக்பர்.

"ஐயய்யோ, இங்கன எறங்கலாமா? கோடையில ஜேசிபிய விட்டுச் செங்கச்சூளைக்கு மண்ணு அள்ளி அள்ளி ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கெடங்கா வெட்டிப் போட்டுருக்கான். எங்க ஊருல புள்ளைகளையே இந்தப் பக்கம் விடுறதில்ல."

கரையில் நின்று பிடித்திருக்கிறான். கரையிலேயே மூன்று மீன் கிடைத்திருக்கிறது. ஆனால் கரையில் நின்றால் ஒன்றும் கிடைக்காது, உள்ளே போனால் இன்னும் பெரிதாக வரும் என்று பாய் சொல்லியிருக்கிறாரே. பாய் சொன்னது ஒன்று பலித்தால் மற்றதும் பலிக்கும்தானே. முதல் அழைப்பை அலி அக்பர் எடுத்திருந்தால், என்ன மீன் மாட்டியதா என்று அதிர்ந்திருப்பார், வெட்கத்தில் ஏதோ உளறியிருப்பார், எப்படியும் இறங்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பேன் என்று அலி அக்பர் தனக்குள் அடித்துச் சொன்னார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்புத் தண்ணீர்தான். இன்னும் ஒரு எட்டு வைத்தார். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தலை மூழ்கி, வாயில் சகதித் தண்ணீர் புகுந்து, கோரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எப்படியோ வெளியே வந்து விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அந்த ஓர் எட்டுக்கு அந்தப் பக்கம் அவரால் எதுவுமே செய்ய முடியாது. கரையில் கிடந்தபடி "சங்கிலி! ஏலே சங்கிலி!" என்று கத்தினார். தன் போன் நனைந்து அணைந்துவிட்டதால் செல்வலட்சுமியின் போனை வாங்கி 112க்கு அடித்தார். கோட்டைச்சாமிக்கும் அடித்தார்.

செல்வலட்சுமி அழவில்லை. "அவுகளுக்கு நீச்சத் தெரியும் பாய். கெணத்துல குதிச்சு நீச்சப் பழகுனவுக. அந்தப் பக்கம் ஏறிப் போயிருப்பாக" என்று சொல்லிக்கொண்டே கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நாலு தடவை நடந்தாள். ஒவ்வொரு தடவையும் பைக்குக்கிட்ட வந்ததும் சாவி அப்படியே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

நாலரை மணிக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. அந்த வண்டியின் சத்தம் கேட்டால் பட்டாசுத் தொழிலாளியின் பெண்டாட்டி கையில் இருப்பதைப் போட்டுவிடுவாள். எந்தக் கம்பெனி, எந்த ஷெட் என்று வாசலுக்கு ஓடி வருவாள். கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடக்கிற ஒரு நாளில், தண்ணீர்க் கரையில், அந்த வண்டி தன்னைத் தேடி வரும் என்று செல்வலட்சுமி எண்ணிப் பார்த்ததே இல்லை. அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

வீரர்கள் கயிற்றில் பாதாளக்கரண்டியைக் கட்டி எறிந்து எறிந்து இழுத்தார்கள். கொக்கி கொக்கியாக இருக்கிற அந்த இரும்பைத் தண்ணீரில் போடுவதும் இழுப்பதும் அலி அக்பருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பிக்கொள்ளவும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பாசிதான் வந்தது. ஒரு வீரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முங்கினார்.

"இந்தக் கண்மாய்க்கு மீன் பிடிக்க வரச் சொன்னது யாருங்க?" என்று அதிகாரி கரையிலிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் அலி அக்பர்.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். நனைந்த வேட்டி, முழங்கை வரை சகதி. "உள்ள குழி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதில்ல? பாவம், நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிவிட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

வெயில் சாய்கிற நேரம் சங்கிலிமுத்து கிடைத்தான். கரையிலிருந்து இருபது அடியில்தான் இருந்தான். அதே இருபது அடி. காலில் சகதியும் பாசியும் சுற்றியிருந்தது, தூண்டில் கம்பை விடாமல் பிடித்திருந்தான். கரையில் கிடத்தியபோது அவன் நகக்கண்களில் வெள்ளிப் பவுடர் கொஞ்சமும் இல்லை. இத்தனை வருடம் எந்தச் சோப்புக்கும் போகாதது.

செல்வலட்சுமி போட்ட சத்தத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. கோட்டைச்சாமியின் ஆட்டோவும் வந்து சேர்ந்தது. ஆலடியையும், பிறகு சந்தேகப்பட்டுத் தாதன்குளத்தையும் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். அமரர் ஊர்தியில் உடலை ஏற்றுகிறபோது செல்வலட்சுமி எதையோ நினைத்துக்கொண்டவள் போல எழுந்து, தள்ளாடியபடி மரத்தடிக்குப் போனாள். ஈரச் சாக்கிலிருந்து சிவப்பு நூல் கட்டிய விராலை எடுத்துக்கொண்டு நேரே அலி அக்பரிடம் வந்தாள்.

"இது உங்களுக்கு, பாய்."

"எனக்கு வேணாம்மா."

"எடம் சொன்ன மீனு, உங்களுக்குன்னு கட்டி வச்சிருக்காக. கொடுக்காமப் போனா அவுக மனசு ஆறாது."

அப்போது அலி அக்பர் சொன்னார். எல்லார் முன்னாலும், உரக்கவே சொன்னார்.

"நான் பொய் சொன்னேன்மா. இந்தக் கண்மாயில நான் காலே வச்சதில்ல. பிடிச்சது இரட்டைமடையில. இடுப்புத் தண்ணின்னு சொன்னது அந்தக் கண்மாய. என் எடம் வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னு பேரை மாத்திச் சொன்னேன். உன் புருசன் நம்பி வந்துட்டான். நான்தான் அவனக் கொன்னுட்டேன்."

செல்வலட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மீனைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பார்வை.

"பொய்யின்னா மீனு எப்பிடி பாய் இருக்கும்? நீங்க சொன்னமாரிதான இருந்திருக்கு."

"இருந்தது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

கோட்டைச்சாமி வந்து அவர் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பாய், மனசு ஒடஞ்சு போயி என்னமும் பேசாதீக. நீங்க உள்ள எடத்தச் சொன்னீக. மத்தியானம் எங்ககிட்டயும் உள்ளதத்தான் சொன்னீக. நாங்கதான் பாவிக, உங்கள நம்பாம ஊரெல்லாம் அலைஞ்சோம். எங்கள மன்னிச்சிருங்க."

முத்துக்கிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டத்தில் யாரோ, "நல்ல மனுசன், பாவம், தன்மேல போட்டுக்கிட்டு மருகுறாரு. கொஞ்சம் தண்ணி குடுங்கய்யா" என்றார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது.

"இரட்டைமடையிலதான் பிடிச்சேன்" என்றார் மறுபடியும். வண்டியைக் கிளப்பிய சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். விரால் பிடித்த கண்மாயின் பேரை அலி பாய் என்றைக்கு உண்மையாகச் சொல்லியிருக்கிறார்?

செல்வலட்சுமி மீனை அவருடைய இரண்டு கையிலும் வைத்தாள். வைத்துவிட்டு, வண்டியில் ஏறிப் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள்.

தண்ணீர் இல்லாமலும் விரால் வெகுநேரம் மூச்சுவிடும். அலி அக்பரின் கையில் அது வாயைத் திறந்து திறந்து காற்றைக் குடித்தது, வாலை ஒரு தடவை அடித்துக்கொண்டது. அதைத் தண்ணீரில் விட்டுவிடலாம் என்று கரையை விட்டு இரண்டடி இறங்கினார். இறந்தவன் கட்டிக் கொடுத்ததை எப்படி விடுவது என்று நின்றார். வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. வண்டி பஸ் ரோட்டில் ஏறித் திரும்பி மறைகிற வரைக்கும் அவர் மீனைப் பிடித்தபடி அங்கேயேதான் நின்றார்.